உன் ஏழாம் பக்கம்

என் கணக்குக்காரிக்கு,

உன் அறைக் கதவைத் தட்டப் பயந்து, இதை அதன் அடியில் தள்ளுகிறேன்.

உன் கணித நிரூபணத்தின் ஏழாம் பக்கத்தில் ஓட்டை இருப்பதை நீயே கண்டுபிடித்து, கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டாய். எங்கள் பொருளாதாரத் துறையில் கணிப்பு பொய்த்தால் சந்தையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கணிப்புக்குப் போய்விடுவோம். நீ செய்ததை வரலாறு ஆராயும் நம் மகளிடம் போனில் சொன்னேன்.

“எங்க துறையில இப்படி ஒரு தப்பை வச்சே முப்பது வருஷம் சண்டை போடுவோம்பா. அம்மா ஒரே வரியில ஒத்துக்கிட்டாங்களே” என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

எனக்கும்தான்.

ஊருக்கெல்லாம் உடனே சொன்னவளுக்கு என் முகத்தைப் பார்க்க மட்டும் என்ன தயக்கம்? டீ ஆறுகிறது, வெளியே வா. அந்தத் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கேட்டாலும் எனக்கு எங்கே புரியப்போகிறது?

வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்