யாரைத் திட்டினாய் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பித்துப் பழக்கம், இன்று அந்த வரிக்குக் கை போகவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு, நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்கிற மறுபாதியை மட்டும் எழுதிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே உனக்குப் பகீரென்றிருக்கும். புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று எனக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே, கடைசி வரைக்கும் படி.

உன் மாமா நன்றாக இருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மருந்து வாங்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவன்தான். ஆனால் இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் அவன் இருக்கும் அறைக்குள் போனால் உடனே ஏதாவது ஒரு பொருளுக்குப் பழுது வந்துவிடுகிறது. டி.வி. பழுது பார்ப்பவன் என்பதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக்கூட இறக்கிப் பிரித்து மாட்டிவிட்டான். எனக்கு மருந்து ஏற்றிய வாரம் படுக்கை, அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல். முழு நாள் இல்லை, ஒரு ஆளுக்கு மட்டும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். விரல் நுனியில் குளிர் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, காலையில் கார் கதவின் கைப்பிடியைத் தொட முடியவில்லை, அதற்குத் தையல்கார அக்கா கம்பளித் துணியில் கையுறை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

இந்த அக்காவைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. மருந்து ஏற்றும் அறையில் ஜன்னல் ஓரமாக ஆறு நாற்காலி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு மூன்றாவது, அவருக்கு நான்காவது. கையில் ஊசி குத்தியிருக்கும்போதே மறு கையால் யாருடைய பாவாடைக்காவது ஓரம் மடித்துக்கொண்டிருப்பார், நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போவாள். ஒரு நாள் என்னைப் பார்த்து, உனக்குப் பேச ஆள் வேணும்டி, உன் தம்பிகிட்டப் பேசினா அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டு ஓடிடுறான் என்று சொல்லி, என் போனைப் பிடுங்கி ஒரு இணையக் குழுவில் சேர்த்துவிட்டார். புற்றுநோய் வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் தமிழில் எழுதிக்கொள்கிற இடம். நிஜப் பெயரும் ஊரும் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. நோயாளிகளுக்கு ஒரு பகுதி, வீட்டாருக்கு ஒரு பகுதி. எனக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துவிட்டு மூணாம் நாற்காலி என்று அவரே வைத்தார்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய் வாந்தி எடுத்ததைச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது, சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பிறகு எதைத் தின்றாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதே என்று ஒரு வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் பதில் எழுதிவிட்டார்கள். மனைவிக்கு நோய் வந்த ஹோட்டல் சமையல்காரர் ஒருவர், எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கிப் போடுங்க, மரக் கரண்டியால சாப்பிடுங்க, எதையும் ஆறவிட்டுச் சாப்பிடுங்க, சூட்டுல வர்ற வாசனைதான் உங்களைப் படுத்துது என்று எழுதியிருந்தார். அன்றைக்கு இரண்டு ரொட்டித் துண்டு இறங்கியது. இன்னொரு நாள் காலையில் குளியலறைத் தரையில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. மாமா கடைக்குப் போயிருந்தான். உன்னைக் கூப்பிட்டால் நீ அங்கிருந்து என்ன செய்வாய்? குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் குழுவில் எழுதினேன். பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு அம்மா, நானும் இங்க வேன் படிக்கட்டுல உட்கார்ந்திருக்கேன், பிள்ளைங்க வர இன்னும் நேரமிருக்கு, பேசிட்டிருப்போம், அவசரமில்ல என்றார். மாமா வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் கிளட்ச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் சொன்னேனே என்று உனக்கு வருத்தம் வரலாம். வேண்டாம். ஏன் என்று நீயே புரிந்துகொள்வாய்.

நாங்கள் வீட்டாரின் பகுதிக்கும் போய்ப் பதில் சொல்லலாம். வீட்டு நோயாளிகிட்டக் கேக்க முடியாததை நம்மகிட்டக் கேக்குறாங்க, போய்ச் சொல்லு என்று அக்கா சொல்வார். அங்கே நீலக்குடை என்கிற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள். அம்மாவை விட்டு ரொம்ப தூரத்தில் இருக்கிறேன், தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறார், அதைப் பொய் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் என் மகளிடம் அதே பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பதில் எழுதினேன். நிரூபிச்சு என்னம்மா செய்யப் போறே, உன் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு, அதைத்தான் அவங்க சொல்றாங்க. சாப்பாட்டைப் பத்திக் கேக்காதே. இன்னிக்கு யாரைத் திட்டினேன்னு கேளு, திட்டுறதுக்குத் தெம்பு இருந்தா உள்ளே ஏதோ போயிருக்குன்னு அர்த்தம் என்று எழுதினேன்.

மறுநாள் மாலை நீ கூப்பிட்டாய். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அம்மா, இன்னிக்கு யாரைத் திட்டினே என்று கேட்டாய்.

எனக்குச் சட்டென்று சந்தேகம் எதுவும் வரவில்லை கண்ணம்மா. கேள்வி நன்றாக இருக்கிறதே என்று ஜோராகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வண்டி கற்றுக்கொள்ள வருகிற அந்த வங்கி மேலாளர், தெருவைக் கடக்கிற ஒவ்வொருவருக்கும் வண்டியை நிறுத்தித் தலையாட்டுகிறார், நாய்க்கும் தலையாட்டினார், சார் நீங்க வண்டி ஓட்டுறீங்களா வரவேற்பு கொடுக்குறீங்களா என்று நான் கேட்டேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். இருபது நிமிடம் பேசினோம். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவள் குழாயைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். சொம்பு நிரம்பி வழிந்தது. அப்போதும் உலகத்தில் எத்தனையோ பேர் கேட்கக்கூடிய கேள்விதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழுவைத் திறந்து பார்த்தேன். நீலக்குடை எழுதியிருந்தாள். மூணாம் நாற்காலிக்கு நன்றி, இன்று அம்மா நாய்க்குத் தலையாட்டின ஒருவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார், நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று.

அதோடு நான் போனைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அது உன் இடம், நான் இல்லாத இடம் என்று நம்பித்தான் நீ அங்கே போயிருக்கிறாய். தெரிந்தும் பின்னோக்கிப் படித்தேன். அம்மா செய்தது தப்புதான், மன்னித்துக்கொள். நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். கடைசி ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் உனக்குப் போனில் சொன்னதையும் படித்தேன். என்னிடம், ஒண்ணுமில்லம்மா, மருந்தை மட்டும் கொஞ்சம் மாத்துறோம் என்று சொன்னவர் உன்னிடம் ஈரலுக்குப் போய்விட்டது, ஐந்தாறு மாதம் என்றால் அதிகம் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று நீ வேலைக்குப் போய், யாருடையதோ பல் செட்டை மெருகேற்றி முடித்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய். பிறகு முகம் கழுவிக்கொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறாய். அன்றைக்கு நாம் என்ன பேசினோம் தெரியுமா? உன் அறைக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்று பேசினோம். நான் பச்சை என்றேன், நீ அழுக்குத் தெரியும்மா என்றாய். உன் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. இப்படி நடிக்க எங்கே கற்றுக்கொண்டாய் என் தங்கமே.

எனக்கு மாதக் கணக்கு இடி மாதிரி விழவில்லை. உடம்புக்குள் இருப்பவள் நான்தானே, ஓரளவு தெரியும். மாமா மின்விசிறியை இறக்கின அன்றே மீதியும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். நான் உடைந்துபோனது வேறு ஒரு வரியில். அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று நீ குழுவில் கேட்டிருந்தாய். திடீரென்று போய் வாசலில் நின்றால் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும், அதற்குப் பயந்துதான் போகாமல் இருக்கிறேன், வருஷக் கடைசியில் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக நீ அங்கே இருக்கிறாய். உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக நான் இங்கே சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்கிறேன். இருக்கிற நாளை இரண்டு பேரும் சேர்ந்து இப்படித்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

உனக்கு வந்த பதில்களையும் படித்தேன். சொல்லாதீங்க, நான் சொன்னேன், அவ அன்னிக்கே படுத்துட்டா என்று அதே சமையல்காரர் எழுதியிருந்தார். இன்னொரு பெண், எங்கம்மா தெரியாமலே போயிட்டாங்க, யாருக்கு என்ன சொல்லணும்னு வச்சிருந்தாங்களோ, கேக்க முடியாமப் போச்சு என்று எழுதியிருந்தாள். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் பட்டதைச் சொல்கிறார்கள். எனக்குப் பதில் சொல்கிற அந்த வேன் ஓட்டுகிற அம்மாதான் உனக்கும் பதினெட்டு நாள் விடாமல், முகம் கழுவினியா, தண்ணி குடிச்சியா, கொஞ்சம் காத்தாட நட என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் பிள்ளை அழும்போது என்னைத் தவிர எல்லோரும் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பொறாமை அடங்கின பிறகு அந்த முகம் தெரியாத பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

உன் கேள்விக்கு மூணாம் நாற்காலியாகவே பதில் எழுதிவிடலாம் என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். அக்காவிடம் சொன்னபோது தையலை நிறுத்திவிட்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அப்புறம், அதுல எழுதாதேடி, யாரோ சொன்ன மாதிரி ஆயிடும். போன்லயும் வேணாம், ரெண்டு பேரும் அழுவீங்க, விஷயம் பாதியில நின்னுடும். உட்கார்ந்து லெட்டர் எழுது என்றார். கையுறை போட்டுக்கொண்டு எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது, நடுக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டாரின் பகுதிக்கு நான் இனி வரமாட்டேன். அன்றைக்குப் பிறகு நீ எழுதிய எதையும் படிக்கவில்லை, இது சத்தியம். நீ அங்கிருந்து போய்விடாதே. எனக்குப் பிறகும் அங்கே போ. உன்னை மாதிரி ஒருத்தி வந்து இதே கேள்வியைக் கேட்பாள், அவளுக்குச் சொல்ல உன்னிடம் ஒரு பதில் இருக்கும். மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே, நீ சொல்லச் சொன்னபடி ஒன்றுமில்லை என்றுதான் அவனும் சொன்னான், பாவம், அவனுக்குப் பொய்யே வராது. இதை அவன்தான் கூரியரில் அனுப்பப் போகிறான், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான், உன் அறைத் திரைக்குத் துணி சாம்பிள் என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். சொல்லிவிட்டாய் என்றே வைத்துக்கொள், கண்ணம்மா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், இனி நீ வந்து வாசலில் நிற்பதற்கு ஒரு தடையும் இல்லை. வருஷக் கடைசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அவ்வளவு தூரம் என்னால் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. லீவு கிடைக்காவிட்டால் கெஞ்சிக் கேள், கூச்சப்படாதே. தைரியமாக வா என்று நான் சொல்லமாட்டேன், தைரியம் இல்லாமலே வா. இங்கே சேர்ந்து அழலாம், அழுது முடித்த பிறகு பேச நிறைய இருக்கிறது, உன் அப்பாவைப் பற்றியே நான் உன்னிடம் சொல்லாத கதைகள் ஏழெட்டு இருக்கின்றன.

நீ நூறு வயது இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். டிக்கெட் எடுத்ததும் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மறக்காமல் சொல். மாமா வண்டி கொண்டுவருவான், நானும் வருவேன், வேண்டாம் என்று சொல்லாதே. போன மாதம் ஒன்றரை மணி நேரம் நிற்க முடிந்தது. இப்போது நாற்பது நிமிடம் நிற்கிறேன். நீ வெளியே வருகிற கதவுக்கு எதிரில் நிற்க அது போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா