சுவருக்கு மேலே போன வயர்

இன்றைக்கும் வந்து நிற்கிறார்கள் மதினி, கையில் போனும் வயருமாக, உங்கள் வாசலில்தான். விடியற்காலையில் மேட்டு லயத்து வீடுகளுக்குப் பக்கத்துப் பலாமரம் கம்பியில் சாய்ந்து கரண்டு போனது. நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாசல் இஸ்தோப்பு நிறைய ஆள். உங்கள் காம்பராச் சாவி என் இடுப்பில் இருப்பது எல்லாருக்கும் தெரியுமே. திறந்து உள்ளே போனால் அதே வாசம். கற்பூரமும், சூடேறிய பிளாஸ்டிக்கும், நீங்கள் நெஞ்சில் தேய்க்கும் தைலமும் கலந்த வாசம். நீங்கள் போய் திவசம் வரப்போகிறது, வாசம் போகவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த பேட்டரிப் பெட்டி பச்சை லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லார் போனையும் வாங்கிச் சொருகினேன். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் அடுத்த காம்பராச் செல்வியுடையது. அவளுக்கு நேரே வர முகம் ஏது? கோடி வீட்டு ராக்காயியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"பாவம்க்கா, வெளிநாட்டுல இருந்து புருசன் எடுப்பான்" என்றாள் ராக்காயி.

"எடுக்கட்டும். அடுப்புல வச்சு சார்ஜ் பண்ணிக்கச் சொல்லு."

ராக்காயி போனை வாங்கிக்கொண்டு போனாள். நீங்கள் இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பீர்கள். ஏசுங்கள். எனக்கும் உங்கள் மேல் கோபம்தான். செத்தவர்களைக் கோபிக்கக்கூடாது என்பார்கள். நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு, அவள் முன்னாலேயே உங்களை ஏசிவிட்டுத்தான் வருகிறேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

முரளி நேற்று பேசினான். "அத்த, ஞாயித்துக்கெழம வர்றேன். பெட்டியக் கழட்டி கொழும்புக்குக் கொண்டு போகவா, இல்ல அங்கேயே இருக்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றான். உங்கள் மகன் உங்களை மாதிரிதான், பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டான். நான் முடிவு பண்ணிவிட்டேன். கழட்டிக்கொண்டு போகட்டும். இந்த லயத்துக்கு அது வேண்டாம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்களோடு பேச உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டி எதற்காக வந்தது? லயத்துக்காகவா வந்தது? ரப்பர் சீட்டு காயப்போடும் புகை அறையில் கலியாணம் கட்டிய நாளிலிருந்து வேலை செய்து, நெஞ்செல்லாம் புகையாகி, நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிற உங்களுக்காக வந்தது. மூச்சு மெசினைக் கொடுத்த டொக்டர், ராவும் பகலும் ஓடவேண்டும் என்று சொன்னார். நம் தோட்டத்தில் காற்றடித்தால் கரண்டு போகும், மழை பெய்தால் கரண்டு போகும். முரளி கடையிலே நின்று நின்று உழைத்து, சோலார் தட்டும் பேட்டரியும் வாங்கிக்கொண்டு வந்தான். வந்தால், கூரையில் ஏற்றக்கூடாது, கூரை தோட்டத்துச் சொத்து என்றார் கிளாக்கர் ஐயா. நீங்கள் மூச்சிரைக்க இரைக்க ஒப்பீசுக்கே ஏறிப்போய்த் தோட்டத் துரைக்கு முன்னால் நின்றீர்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

"கூர தோட்டத்துது, சரிங்க ஐயா. வெயிலு யாரோடது?"

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ் விளங்கினதோ இல்லையோ, கிளாக்கர் சொல்லவும் தலையை ஆட்டிவிட்டார். வரும் வழியெல்லாம் நீங்கள் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். இருக்கிற காம்பரா நம்முடையது இல்லை, நடக்கிற ரோடு நம்முடையது இல்லை, இனிமேல் கரண்டாவது நம்முடையது என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ருவான்வெல்லையிலிருந்து வந்த லைட் பாஸ், கரண்டு வேலை செய்கிற நல்ல சிங்களப் பையன், பெட்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டான். ஒழுகாத சுவர் உங்கள் காம்பராவில் சாமி சுவர் ஒன்றுதான். அங்கே மாட்டினான். நான் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, மஞ்சள் தண்ணியைத் தெளிக்கப் போனேன். "தண்ணி எபா அம்மே, எபா" என்று அவன் என் செம்பைப் பிடுங்கிக்கொண்டான். நீங்கள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. போகும்போது அவன் உங்களையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னான்.

"இது பீலித் தண்ணி இல்ல, அம்மே. பானத் தண்ணி. மொண்டா முடிஞ்சிரும். மெசினுக்கு மட்டும், ஹரித?"

ஹரி, ஹரி என்று தலையாட்டினது யார்? நீங்கள்தான். நம் ஆட்களுக்கு எல்லாமே பீலித் தண்ணி. மலையிலிருந்து விழுகிறது, குடத்தை வை, நிறைந்தால் எடு, அடுத்தவள் வைக்கட்டும். அதற்கு மேலே ஒரு கணக்கு இருக்கிறது என்று இந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கொடுத்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதலில் போன். போனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றீர்கள். பிறகு ராக்காயியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை, படிக்க ஒரு பல்பு என்றீர்கள். நம் லயத்துச் சுவர்தான் கூரையைத் தொடாதே. உப்பும் மிளகாயும் நெருப்புக்கொள்ளியும் கைப்பிள்ளையும் சண்டையும் அதற்கு மேலால்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். அதே வழியாக வயரும் போயிற்று. உங்கள் காம்பராவிலிருந்து கிளம்பி, நடுவில் இருக்கிற என் தலைக்கு மேலே ஓடி, அந்தப் பக்கம் செல்வி வீட்டில் இறங்கி, அப்படியே கோடி வரைக்கும். நான் படுத்தால் அந்த வயர்தான் கண்ணில் படும்.

விளக்கு வைத்த பிறகு உப்பும் நெருப்பும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இதை நானா கண்டுபிடித்தேன்? நீங்களே வெள்ளிக்கிழமைகளில் ஒருத்திக்கும் நெருப்புக் கொடுக்கமாட்டீர்கள். அதனால் ஒரு நாள் சண்டைக்கே வந்தேன்.

"கரண்டும் நெருப்புதானே மதினி. வெளக்கு வச்சாச்சு. வயரக் கழட்டுங்க."

"சூரியன் எனக்கு மட்டுமா காஞ்சிச்சு? போயி உன் வேலயப் பாரு" என்றீர்கள். மூக்கில் டியூப், மடியில் தேவாரப் புத்தகம், பக்கத்தில் ஊரான் போன்கள் குஞ்சு மாதிரி வரிசையாகக் கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வயரை வெட்டிப்போட்டிருக்கவேண்டும்.

பிறகு அந்த மழை. சஷ்டி விரதம் தொடங்கின அன்றைக்குப் பிடித்தது, விடவேயில்லை. ரோட்டில் மண் சரிந்து கரண்டு கம்பமும் போய்விட்டது. வெயில் முகமே காட்டாததால் சோலார் தட்டு சும்மா நனைந்துகொண்டு நின்றது. பெட்டியில் இருந்ததுதான் இருந்தது. நான் மிளகும் தண்ணியுமாகச் சுருண்டு கிடந்தேன். அந்த விரதம் மட்டும் இல்லையென்றால் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்திருப்பேன், ஒருத்தியையும் அண்ட விட்டிருக்கமாட்டேன். விரதம் முடிந்த அன்று, நாலு மணித் தேத்தண்ணி நேரம், உங்கள் மெசின் நின்றுபோனது. அந்த உறுமல் நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிவந்தால் பெட்டியில் சிவப்பு லைட். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினீர்கள்.

ஆம்பிளைகள் கம்பளியில் கட்டி, சரிந்த மண்ணுக்கு மேலால் உங்களைத் தூக்கிப்போனார்கள். பெரிய ரோட்டுக்குப் போய் ஓட்டோவில் ஏற்றினபோது என் கையைப் பிடித்திருந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பிடி விட்டுவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த லைட் பாஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். போனும் பல்பும் இதைக் குடித்திருக்காது, பெரிய சாமான் ஒன்று, சோறு ஆக்கிற குக்கர் மாதிரி ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றான். லயத்தில் குக்கர் வைத்திருப்பவள் ஒருத்திதான். புருசன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் குக்கர். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணிச் செம்போடு வந்த செல்வியின் கையை, ஊரே பார்க்க நான் தட்டிவிட்டேன். செம்பு உருண்டு வாசல் வரைக்கும் போயிற்று. "ஒன் பசிக்கு ஒரு உசிரு போயிருச்சுடி" என்றேன். அவள் நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு, பேச வாய் வருமா? அன்றையிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், பேச்சில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பெட்டி போகும். நீங்கள் கோபித்தாலும் சரி. இந்த வயரை என் கையாலேயே சுருட்டி முரளியிடம் கொடுப்பேன். இனி இவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகட்டும்.

எழுந்து உலை வைக்கவேண்டும். காலையிலிருந்து ஊதி ஊதி நெஞ்சு வலிக்கிறது, விறகெல்லாம் ஈரம், புகைதான் வருகிறது. இந்த மழைக்கு லயத்தில் ஒரு அடுப்பும் எரியாது. அன்றைக்கும் இப்படித்தான், ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

பொறுங்கள் மதினி. அன்றைக்கு என் அடுப்பும் எரியவில்லையே. பிறகு நான் எதைச் சாப்பிட்டு விரதம் முடித்தேன்?

மத்தியானம் சுவருக்கு மேலால் ஒரு தட்டு வந்தது. செல்வி பக்கத்திலிருந்து இல்லை, உங்கள் பக்கத்திலிருந்து. முக்காலியில் ஏறி நின்றுதான் நீட்டியிருப்பீர்கள், அப்படி இரைத்தது. "விரதம் இருந்த வயிறு, ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்றீர்கள். உங்கள் அடுப்பும் எரியாத அன்றைக்கு, வெறும் சோறும் பருப்பும்தான். ஆவி பறந்துகொண்டிருந்தது.