வலப்பக்கம் துடித்த இதயம்

ஆலைப் புகைதான் உங்களைக் கொண்டுபோனது என்று நான் ஊரெல்லாம் சொல்வதாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வருமுன்பே, நம் கல்யாணப் பந்தலிலேயே நீங்கள் இருமிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

போன வாரம் அதே இருமலைக் கேட்டேன். ஆரம்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கை தன் பேத்தியோடு வந்திருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்திலிருந்து அந்த ஈரமான இருமல், முடிவில் உங்களைப் போலவே ஒரு சின்னச் செருமல். இருமியது அந்தப் பேத்தி என்று தெரியுமுன் உங்களுக்கும் சேர்த்துக் காபி கலந்துவிட்டேன்.

சென்னை டாக்டரிடம் ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார்கள். அந்தம்மா தமிழிலேயே விளக்கினார். மூச்சுக்குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. ஒவ்வோர் இழைக்குள்ளும் புரதத்தால் ஆன நுண்குழாய்கள் இணை இணையாக நிற்கின்றன. அவைதான் அதன் எலும்பு. அவற்றில் குட்டிக் கைகள்போல டைனீன் என்று இன்னொரு புரதம். அது பக்கத்துக் குழாயைப் பிடித்து இழுத்தால்தான் இழை வளையும். இந்தப் பெண்ணுக்கு அந்தக் கைகள் இல்லை. இழைகள் இருக்கின்றன, அசைவதில்லை. கருவில் இதயத்தின் பக்கத்தைத் தீர்மானிப்பதும் இத்தகைய இழைகளின் அசைவுதானாம். அது இல்லாவிட்டால் இதயம் வலப்பக்கம் போய்விடலாம்.

ஆலை மருத்துவமனையில் கம்பவுண்டர் உங்கள் இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் தேடியது நினைவிருக்கிறதா? “இன்னா சார், ஹார்ட்ட ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார். “ஆமாம்பா, இவங்க பூட்டி வெச்சிருக்காங்க” என்று என்னைக் காட்டினீர்கள். அங்கே நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?” என்று டாக்டர் கேட்டார். “ஆண்களுக்குக் குழந்தை இல்லாம போறதும் உண்டு. விந்தணுவோட வாலையும் இதே மாதிரி கைகள்தான் அசைக்குது.”

“எங்க அண்ணன் இருமிக்கினேதான் இருப்பாரு. ஹார்ட்டும் வலது பக்கம். ஆனா கொழந்த இல்லாதது அண்ணியாலதான், டாக்டரம்மா” என்றாள் உங்கள் தங்கை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எனக்குக் குறையில்லை என்று அந்தக் காலத்திலேயே சோதித்துச் சொன்னார்கள். உங்களைச் சோதித்த முடிவு நம் இருவருக்கு மட்டும் தெரியும். “இது நம்மோட இருக்கட்டும்” என்றீர்கள். வாக்குக் கொடுத்தேன். வளைகாப்பு வீடுகளில் உங்கள் அம்மா என்னைத் தள்ளி உட்காரவைத்தபோதும் அதைக் காப்பாற்றினேன். பேச ஆளில்லாத இந்த வீட்டில் இன்றும் காப்பாற்றுகிறேன்.

அந்தப் பெண்ணின் தம்பியும் இப்போது இருமுகிறான். என் வாய் மூடியிருந்தால், நாளை அவனுக்கு மனைவியாக வருகிறவளையும் தள்ளி உட்காரவைப்பார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது உண்மையைச் சொல்லட்டுமா? கனவில் வந்து தலையாட்டுவது, பல்லி சொல்வது, இவற்றையெல்லாம் நான் என்றுமே ஏற்றதில்லை. வாக்கை வாங்கியவர் நீங்கள். விடுவிக்க வேண்டியவரும் நீங்கள்தான். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.