அக்கா வீட்டுக்குப் போட்ட கையெழுத்து

செவ்வாய், இரவு.

வயர்மேன் லைசென்ஸ் வாங்கிய பிறகு இன்றுதான் முதல் கையெழுத்து. அதுவும் புவனகிரியில் அக்கா கட்டியிருக்கும் புது வீட்டுக்கு. வயரிங் வேறு ஆள் செய்தது. கரண்டு இணைப்பு வாங்க, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சான்று தர வேண்டும்.

“நம்ம வீட்டுக்கே சந்தேகமா? போட்டுட்டுப் போ மச்சான்,” என்றார் மாமா.

“ஒரு தடவ பாத்துட்டுப் போட்டுடறேன் மாமா.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளியலறையில் ஹீட்டருக்கான பிளக் பாயிண்டைக் கழற்றினேன். எர்த் வயரை இணைக்காமல் உள்ளேயே மடித்து விட்டிருந்தார்கள். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இதால என்னா ஆவும்?”

“ஹீட்டர்ல கரண்டு கசிஞ்சா, குளிக்கறவங்க மேல அடிக்கும்.”

நான் அதைச் சரிசெய்து மற்ற பாயிண்டுகளைப் பார்த்து முடிக்கும்வரை அவரே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட்டேன். அக்கா என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமா வண்டிவரை வந்தார். “எங்கண்ணன் வூட்டுக்கும் அதே ஆளுதான் வயரிங் பண்ணான். அங்க குடியே வந்துட்டாங்க. நாளைக்கு வந்து பாக்கறியா?”

காலையில் முதல் வேலையாக அங்கேதான் போக வேண்டும்.