ஃபெயில் போட்ட தங்கச்சி

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் வெனிலாவுக்கு அம்மா செபஸ்தியம்மாள் ஆசீரோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பூனாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஃபோனில் பேசினால் உன் அண்ணன் பிரவீன் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

உனக்கு என்ன வேலை என்று கோயிலில் சவுரியம்மாள் கேட்டாள். ஏசி காற்று வருகிற குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பஞ்சு உதிர்ந்து பறக்கிறதா என்று பார்க்கிறாள், பறந்தால் மூச்சோடு உள்ளே போய்விடும் என்றேன். மைக்ராஸ்கோப்பில் பருத்தி நார் முறுக்கிக் கிடக்கும், கண்ணாடி நார் நேராகக் கிடக்கும் என்று நீ சொன்னதையும் விடவில்லை. பாவம், அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

விழுப்புரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அண்ணன் போட்ட ஏசி குழாயை நீ ஃபெயில் பண்ணியதிலிருந்து வீட்டில் சிரிப்பில்லை. அவளிடம் வந்தது வெறும் நம்பர் ஒட்டிய சாம்பிள், யார் வேலை என்றே அவளுக்குத் தெரியாது என்று அவனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அதோடு முடிந்திருக்கும். தெரிந்திருந்தால் என்ன பண்ணியிருப்பாய் என்று அவனே ஃபோன் போட்டுக் கேட்டான். "தெரிஞ்சிருந்தாலும் அதேதாண்ணா எழுதியிருப்பேன்" என்றாய். அன்றிலிருந்து அவன் உன் பேரை எடுக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் கூடுதல்.

சும்மா சொல்லக்கூடாது, அவனும் பூசி மெழுகவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, உடம்பெல்லாம் அரிக்க அரிக்க, வேறு பஞ்சு வாங்கி, விளிம்பெல்லாம் மூடி ஒட்டினான். வேறொரு கம்பெனி வந்து சோதித்தது. போன வாரம் பாஸ் ஆகிவிட்டது.

நேற்று, இங்கே கல்யாண மண்டபம் கட்டுகிற வெங்கடாசலம் வந்தார். உங்கள் வேலையை எப்படி நம்புவது என்று கேட்டார். உன் அண்ணன் சொன்னான்: "எங்க வேலைய என் தங்கச்சியே ஒருவாட்டி ஃபெயில் போட்டுட்டா சார். கூடப் பொறந்தவன்னுகூட பார்க்க மாட்டா. அவ கண்ணுக்குத் தப்பாதுன்னு நெனச்சிக்கினுதான் இப்ப ஒவ்வொரு குழாயும் போடறோம்." அடுப்படியில் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். வேலையும் அவனுக்கே கிடைத்தது.

ஊராரிடம் சொல்வதை உன்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. அப்படியே உங்கள் அப்பா குணம். நீ சின்னவள், நீயே கூப்பிடம்மா. குழாய், பஞ்சு எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டியாண்ணா என்று மட்டும் கேள். மற்றதை அவன் பேசுவான்.

உன் கண்ணையும் உன் நாக்கையும் மாதா இப்படியே வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
செபஸ்தியம்மாள்