செலவு கேட்டவள்

11 ஜூன் 1995

பீளமேட்டுச் சக்கரவர்த்தி சுந்தரராஜுலு இன்று காலை கொல்லை முருங்கையில் ஏறினார். இறங்கும் வழி தெரியாமல் வெகுநேரம் மரத்தின் மேலிருந்தே ஆட்சி செய்தார். பட்டத்து ராணி ராமாமணி ஏணி எடுத்து வராமல் கீழே நின்று சிரித்தாள். “இறங்க வேண்டாமுங்க. அங்கயே சாப்பாடு கட்டி அனுப்பறேன்” என்றாள். முப்பது வருடம் மில்லில் மேஸ்திரி வேலை பார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

சைத்ராவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது, இப்படிக் குலுங்கலாமா என்று மரத்திலிருந்தே கண்டித்தேன்.

வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்: சைத்ரா என் தம்பி சீனிவாசலுவின் மகள். பெற்றவள் போனபோது அவளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. தேவையும் படவில்லை. மாப்பிள்ளை வம்சி சரவணம்பட்டிக்காரர். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறோம்.

19 ஜூன்

இன்று வெடிமருந்து பற்றி மந்திராலோசனை நடந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் இறங்க ஒரு ரசம் உண்டு. அதற்கு ராமாமணி ஒரு பொடி இடிப்பாள். அவளுடைய பாட்டி, அவ்வாவின் கைப்பக்குவம். இந்தக் குடும்பத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேரும் அதைக் குடித்துத்தான் எழுந்தார்கள். ஒரு தடவை அவள் வறுத்த வாசனைக்கே எதிர்வீட்டு எருமை இரண்டு படி கூடுதலாகக் கறந்தது. நானே கண்ணால் பார்த்தேன். (பார்க்கவில்லை. ஆனால் கறந்திருக்கும்.)

அந்தப் பொடிக்கு அவள் பிறந்த ஊரில் வேறு பெயர். கல்யாணமான புதிதில் அது வறுபட்டபோது எனக்கு வந்த தும்மலில் நான் வைத்த பெயர்தான் வெடிமருந்து. அதுவே நிலைத்துவிட்டது. கணபதியில் குடியிருக்கும் சீனிவாசலு வந்தால்கூட, “அண்ணி, வெடிமருந்து இடிச்சாச்சுங்களா?” என்றுதான் கேட்பான். அவளும் பழைய பெயரைச் சொல்வதை விட்டு வருடக்கணக்காகிறது.

அளவை எழுதி வைக்கலாமே என்று சைத்ரா கேட்டாள். “கை இருக்கையில எழுத்து எதுக்கு அம்மணி?” என்று ராமாமணி முடித்துவிட்டாள்.

ஆடி பிறக்கும் முன் இடித்துவிட வேண்டுமாம். ஆடியில் நல்ல காரியத்துக்கு உலக்கை எடுக்கமாட்டாளாம்.

28 ஜூன்

திருமலைசாமியின் நாட்டு மருந்துக் கடை பூட்டிக் கிடந்தது. ஏதோ கல்யாணமாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.

3 ஜூலை

ராமாமணி விழுந்துவிட்டாள். தொட்டியடியில். வாய் ஒரு பக்கம்—

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

5 ஜூலை

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்கிறார்கள். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் இருக்கிறது. என்னையே பார்க்கிறாள். சக்கரவர்த்தி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கிறாளோ என்னவோ. சக்கரவர்த்திக்கு ஒன்றும் தெரியவில்லை.

8 ஜூலை

பேசினாள்!

ஒரு சொல்தான். கோணிய வாயில் இழுத்து இழுத்து, “செ...லவு.” மறுபடியும், “செலவு.”

நர்ஸ் பெண் குனிந்து, “செலவப் பத்தி நெனைக்காதீங்கம்மா, அதெல்லாம் ஐயா பாத்துக்குவாருங்க” என்றது. ராமாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தெலுங்கில் செலவு என்றால் விடை. செலவு வாங்கிக்கொள்கிறேன் என்றால், போய்வருகிறேன் என்று அர்த்தம். சீனிவாசலு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் வராந்தாவுக்குப் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டான். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உறவுக்கெல்லாம் போன் போட்டான்.

விடை கேட்கிறாள். எப்படிக் கொடுப்பது?

9 ஜூலை

வார்டு கொள்ளாத கூட்டம். உடுமலையிலிருந்து, சூலூரிலிருந்து, யார் யாரோ. ஒவ்வொருவராகக் கட்டிலருகே போய் அழுதுவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அழுதார்கள்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். புருஷன் விடை கொடுக்காமல் உயிர் அலைக்கழிகிறது என்று ஒரு கிழவர் சொல்லியே விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதில், “போய்ட்டு வா ராமா. எனக்கு ஒண்ணும் கொறையில்ல. நிம்மதியாப் போ” என்று சொன்னேன்.

இடது கையால் என் மீசையைப் பிடித்து இழுத்தாள். சாகப்போகிறவள் இழுக்கிற இழுப்பா அது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

10 ஜூலை

சைத்ராவை ஆஸ்பத்திரி வாடைக்கு வேண்டாம் என்று வீட்டிலேயே நிறுத்தியிருந்தோம். இன்று சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவளைக் கண்டதும் ராமாமணி அவள் வயிற்றில் இடது கையை வைத்து, “செலவு” என்றாள்.

சைத்ரா அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“பெரியப்பா, பெரியம்மா பொறந்த சூலூரு அம்மாயி ஊட்டுல மொளகு, சீரகம் எல்லாத்தையும் செலவு சாமானுன்னுதானுங்களே சொல்லுவாங்க? பெரியம்மா வெடிமருந்தைச் சொல்றாங்க. இடிக்காம உட்டாச்சேன்னு.”

ராமாமணி தலையணையில் தலையைச் சாய்த்து மூச்சு விட்டாள். மூன்று நாளாக இத்தனை பேர் அழுததில் அவள் சொன்னதைக் கேட்க ஆள் இருக்கவில்லை.

நான் வராந்தாவுக்குப் போய்ச் சிரித்தேன். சிரிப்புதானா என்று தெரியவில்லை. சீனிவாசலு வந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

18 ஜூலை

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கூடத்தில் கட்டில். ஆடி பிறந்துவிட்டது. உலக்கை எடுக்கலாமா என்று கேட்டேன். எடு என்று கண்ணைக் காட்டினாள். அவளே சட்டத்தை மாற்றுகிறாள் என்றால் அவசரம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

20 ஜூலை

திருமலைசாமி கடையையே பெயர்த்து வந்துவிட்டேன். கட்டிலைச் சுற்றி முறம் முறமாக மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கொத்தமல்லி. மைசூர் மகாராஜா நவராத்திரிக்குக்கூட இப்படிக் கொலு வைத்திருக்க மாட்டார்.

மிளகு எவ்வளவு என்று கேட்டேன். இடது கையை முறத்தில் விட்டாள். அள்ளினாள், பார்த்தாள், கொட்டிவிட்டாள். மறுபடி அள்ளி, மறுபடி கொட்டினாள். அந்தக் கைக்குத் தெரியவில்லை. பிறகு இடது கையாலேயே வலது கையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்தக் கையை விரித்துப் பிடித்தேன். அதில் மிளகைக் கொட்டினேன். விரல்கள் மடங்கவில்லை. நானே ஒவ்வொன்றாக மடக்கினேன். வழிந்தது போக உள்ளே நின்றது அளவு. எத்தனை கை என்பதற்குக் கண்ணை மூடித் திறந்தாள். இப்படியே சீரகம், இப்படியே கொத்தமல்லி. திப்பிலிக்கு மட்டும் உள்ளங்கையில் ஒரு குழி.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். இத்தனை நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இதை டம்ளரில் அளந்து வைத்துக்கொள்ளலாமா என்று சைத்ரா கேட்டாள். “அடுத்த பிரசவத்துக்குப் பெரியம்மாளே இடிச்சுக் குடுப்பா, கண்ணு” என்று சொல்லிவிட்டேன். ராமாமணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

21 ஜூலை

ஏதோ ஒன்று குறைகிறது.

எல்லாவற்றையும் வறுத்து, இடிக்கும் முன் காட்டினேன், இல்லை என்று தலையசைத்தாள். இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். வெளியே ஓடினேன். கறிவேப்பிலை கொண்டுவந்தேன். இல்லை. முருங்கை ஈர்க்கு. இல்லை. வேப்பம்பூ, துளசி, பக்கத்து வீட்டுச் செம்பருத்தி. அவர்கள் வீட்டு எலுமிச்சை இலையைத் திருடப் போய் வேட்டி கிழிந்தது. எதுவும் இல்லை. கடைசியில் ஆட்டுக்கல்லையே தூக்கிவந்து காட்டினேன். சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. பாதி போதும்.

ஆனால் என்ன அது? ஜன்னலுக்கு வெளியே என்னதான் இருக்கிறது?

23 ஜூலை

கிடைக்கவில்லை. இனி வைத்தால் வறுத்தது நமுத்துப்போகும். இடித்தேன், சலித்தேன், ரசம் வைத்தேன். ஒரு கரண்டி அவள் வாயில் விட்டேன்.

வெகுநேரம் நாக்கில் வைத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாக, மெதுவாக.

சைத்ராவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். நான் யானையை அடக்கிய கதை, ஊட்டியில் புலியோடு காபி குடித்த கதை எல்லாம் சொல்லும்போது அவள் இப்படித்தான் ஆட்டுவாள். சரி, அப்படியே இருக்கட்டும், போங்க என்று. ஒருவேளை நிஜமாகவே சரியாக வந்ததோ? கேட்டேன். தூங்கிவிட்டாள்.

பொடியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

2 ஆகஸ்ட்

இன்று விடியும்போது போய்விட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

5 ஆகஸ்ட்

சம்பந்தியம்மா வந்து சைத்ராவைச் சரவணம்பட்டிக்கு அழைத்துப் போனார். துக்க வீட்டில் பிரசவம் ஆகாது. நியாயம்தான். சைத்ரா டப்பாவைக் கையில் எடுத்தாள். சம்பந்தியம்மா மெதுவாக வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். “கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. பதினாறு கழியாம இந்த ஊட்டுலருந்து ஒரு சாமானும் பிள்ளை பெக்கற ஊட்டுக்கு வரக் கூடாதுங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

11 ஆகஸ்ட்

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். இருவரும் நலம். தீட்டு என்று நான் போகவில்லை.

15 ஆகஸ்ட்

பக்கத்து வீட்டுப் போனில் வம்சி. மாப்பிள்ளை குரலில் சுரத்தே இல்லை. பால் இறங்கவில்லையாம். குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகிறதாம். டப்பாப் பால் கொடுக்கிறார்களாம், பாதியைக் கக்கிவிடுகிறதாம். சைத்ரா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளாம்.

பொடி இங்கே அலமாரியில் இருக்கிறது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நானும் அதுவும் காவல்.

திருட்டுத்தனமாகக் கொடுத்தனுப்பலாமா? எலுமிச்சை இலை திருடத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் குழந்தைக்கு நாளைக்கு ஒன்று என்றால் எல்லோரும் அந்த டப்பாவைத்தான் சொல்வார்கள். ராமாமணியைச் சொல்வார்கள். வேண்டாம். காரியம் முடியட்டும்.

18 ஆகஸ்ட்

நேற்றுக் காரியம் முடிந்தது. இன்று முதல் பஸ்ஸில் சரவணம்பட்டி.

சம்பந்தியம்மா வாசலிலேயே டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “உங்களுக்காகத்தான் பாத்துட்டு இருந்தமுங்க” என்றார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் போல. அடுப்பை எனக்கு விட்டுவிட்டார். பூண்டு உரித்துக் கொடுத்தார்.

சைத்ரா பாதியாகிவிட்டாள். குழந்தைக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை. டம்ளரில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். நிறுத்தினாள்.

“பெரியம்மா இதச் சரின்னு சொன்னாங்களா, பெரியப்பா?”

அன்றைக்கு அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். இருந்தும் கேட்டாள். என் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள், கைதட்டினாள், அவ்வாவே வந்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாள்... எதுவும் வெளியே வரவில்லை.

“தலைய ஆட்டுனா, கண்ணு.”

“எப்படி ஆட்டுனாங்க?”

ஆட்டிக் காட்டினேன். மேலும் கீழுமாக, மெதுவாக. அந்த வீட்டில் வளர்ந்த பெண். யானைக் கதையும் புலிக் கதையும் கேட்டே சோறு தின்றவள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

“இன்னொரு டம்ளர் ஊத்துங்க.”

23 ஆகஸ்ட்

வம்சி போன். நேற்றிலிருந்து பால் இறங்கிவிட்டதாம். குழந்தை குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிடுகிறதாம். ரசமா, வேளையா, யாருக்குத் தெரியும்?

பொடி கால் டப்பாதான் மிச்சம் இருக்கிறது, பெரியம்மா ஞாபகமாகக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா என்று சைத்ரா கேட்கச் சொன்னாளாம்.

வேண்டாமுங்க மாப்பிள்ளை, தீத்துப்போடுங்க என்று சொன்னேன்.