ஃபிராவ் ஹூபர் தந்த வெண்ணெய்

ஒக்ரோபர் 26

இன்று சொல்லாமல் விட்டது: அந்தக் கேக்கில் உங்கள் வெண்ணெய் இல்லை.

எதிர்ப் பண்ணைப் பெண்மணி ஃபிராவ் ஹூபர் போன கிழமை தன் கையால் கடைந்த வெண்ணெய் ஒரு கிலோ தந்தார். பதிலுக்கு இன்று அம்மா பட்டர் கேக் கொண்டுபோனார். நானும் பின்னால். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "என் மாடுகளின் ருசி தெரிகிறது" என்று ஃபிராவ் ஹூபர் கண்ணை மூடினார். அம்மாவுக்கு அவருடைய கிராமத்து ஜெர்மன் பிடிபடாது, சிரித்தார். எனக்குப் பிடிபடும். நானும் சிரித்தேன்.

கேக் அடிக்கும்போது அந்த வெண்ணெயைக் குசினியில் காணவில்லை; வீட்டுக்கு வந்து அது எங்கே என்று கேட்டேன்.

"அதை உருக்கிக் கோயில் விளக்குக்குக் குடுத்திட்டன். உன்ர வோட்டுக்குத்தானே நேர்த்தி."

"அப்ப கேக்குக்கு?"

"மாஜரின், எண்ணெயிலை செய்யிறது. ஊரிலையும் பட்டர் கேக்குக்கு அதுதானே போடுறது. விசர்க் கேள்வி கேக்காதை."

நான் சுவிஸ் பிரஜை ஆகலாமா என்று அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். எனக்கு நற்சான்றுக் கடிதம் தந்தவர் ஃபிராவ் ஹூபர். 'நேர்மையான குடும்பம்' என்று எழுதியிருக்கிறார்.

நவம்பர் 3

பல்கலைக்கழகக் கட்டுரைக்கு நான் எடுத்த தலைப்பும் மாஜரின்தான். சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில், ஒஹையோவில், அதை முன்பு வெள்ளையாகத்தான் விற்கலாமாம். மஞ்சளாக இருந்தால் வெண்ணெய் என்று ஏமாந்துவிடுவார்களாம். பெண்கள் சாயத்தைத் தனியாகச் சேர்த்து வீட்டில் பிசைந்திருக்கிறார்கள். 1949இல் மக்கள் வாக்களித்த பிறகுதான் மஞ்சளுக்கு அனுமதி.

மணிக்கட்டு நோகப் பிசைந்திருப்பார்கள் – மேசைக்கு வரும்போது யாரும் ஒன்றும் கேட்கக் கூடாதென்று.

நான் பிறந்தது இங்கே, பாடன் ஆஸ்பத்திரியில். இன்னும் எவ்வளவு பிசைய?

நவம்பர் 9

வேறு கன்ரனில், ரெனான் ஊரின் ஆவணக் காப்பகத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இப்போது கன்ரன், அதாவது மாநிலம், மாறினால் பிரஜாவுரிமை விண்ணப்பம் முதலிலிருந்து. வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

நவம்பர் 14

ஃபிராவ் ஹூபரிடம் சொல்லிவிடலாம் என்று சப்பாத்தைப் போட்டேன். அம்மா கதவடியில் நின்றார்.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு பிள்ளை. எட்டு நாள்தானே. பிறகு போய்க் கதை, ஆர் வேண்டாமெண்டது?"

எட்டு நாளோ? ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்காதை, படியிலை ஓடாதை, பஸ்ஸிலை தமிழிலை கத்தாதை – எத்தினை வருசமா இந்த எட்டு நாள்?

சப்பாத்தைக் கழற்றினேன்.

நவம்பர் 22

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். எங்களைப் பற்றிக் கதைக்கும்போது, விண்ணப்பித்த ஐந்து பேரும் வெளியே நிற்க வேண்டும். கதவில் சின்னக் கண்ணாடி. என் முறை வந்தபோது ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். ஃபிராவ் ஹூபர் எழுந்து பதில் சொன்னார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பிறகு கைகள்.

எனக்கு ஆதரவாக அறுபத்து நாலு, எதிராக ஒன்பது.

வாசலில் கேட்டேன், உள்ளே என்ன சொன்னீர்கள் என்று.

"இவர்கள் எங்களோடு ஒட்டமாட்டார்கள் என்றான் அவன். இவளுடைய அம்மா என் வெண்ணெயில் கேக் சுடுகிறாள், நீ என் வெண்ணெயில் என்ன செய்தாய் என்று கேட்டேன். வாயை மூடிவிட்டான்!"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "டாங்க" என்று நன்றி மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடம், செப்ரெம்பர் 4

என் முதல் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. பின்னேரம் ஃபிராவ் ஹூபர் வெண்ணெய் கொண்டுவந்தார், இந்தமுறை இரண்டு கிலோ. வாங்கிக்கொண்டேன். அம்மா உருக்குவதற்குச் சட்டியை அடுப்பில் வைத்தார்.